நூல்ரம்பத்தின் கதை

சென்ற குளிர்காலத்தில் தில்லியில் ஒரு மின்சார ரம்பம் வாங்கினேன். கடைக்காரர்கள் அதனை ஸ்க்ரோல் சா என்று சொல்லுவார்கள். நூலைப் போல் மெல்லிய எஃகு அலகொன்று அதிலே மேலும் கீழுமாக ஓடும். பலகையை ஒரு சிறு மேடையின்மேல் வைத்து, கையால் திருப்பித் திருப்பித் தள்ளினால், வளைவும் நெளிவுமான எந்த உருவத்தையும் அறுத்தெடுக்கலாம். பலகையின் நடுவே துளையிட்டு, அலகின் ஒரு முனையைக் கழற்றி அத்துளையில் கோத்து மாட்டினால், விளிம்பைத் தொடாமல் உட்புறத்தை மட்டும் அறுக்கவும் இயலும். இப்பேச்சு முழுவதிலும் அதனை நூல்ரம்பம் என்றே குறிப்பிடுவேன்.

என் தொழில் மொழிபெயர்ப்பு; தச்சு அன்று. எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் ஆறு பிள்ளைகள் தமிழ் எழுத்துப் பயில வருகிறார்கள். வீட்டில் தமிழ் கேட்டும் தெருவில் இந்தி பேசியும் வளர்கின்ற பிள்ளைகள். கண்ணால் பார்ப்பதோடு, விரலால் தடவியும் எழுத்தின் வடிவத்தை அறியட்டும் என்று மர எழுத்துக்கள் செய்ய விரும்பினேன். நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள ஒட்டுப்பலகைத் துண்டுகள் ஆறினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேற்பலகையில் அகரத்தை வரைந்து, ஒரே அறுப்பில் ஆறு அகரங்களை எடுத்தேன். முதல் அகரம் வரைந்தபடியே வந்திருந்தது. ஆறாவது அகரத்தைப் பார்த்தபோது திகைத்துப் போனேன். எழுத்து முழுவதும் பருத்திருந்தது. மேலே ஆறு மில்லிமீட்டர் அகலமாயிருந்த சுழி, அடியில் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகச் சுருங்கியிருந்தது.

ஆறு பிள்ளைகளும் ஒரே எழுத்தைத்தான் கற்க வேண்டும். அடியில் இருந்த பலகையின் எழுத்து எந்தப் பிள்ளைக்குப் போகிறதோ, அந்தப் பிள்ளை அதையே அகரம் என்று நம்பும். பிழை என் கையிலா, யந்திரத்திலா என்று அறிய முற்பட்டேன். யந்திரத்தோடு வந்த சிறு கையேடு போதவில்லை. அப்போதுதான் இந்த ரம்பத்தின் பூர்வ சரித்திரத்தைத் தேடிப் படிக்கலானேன். நான் கண்ட குறை புதியதன்று. நானூறு ஆண்டுகளாகத் தொழிலாளரும் யந்திரக்காரரும் போராடி வருகின்ற குறை என்பது விளங்கிற்று. அந்தக் கதையையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில், நூல்ரம்பம் இல்லாத காலத்தைப் பார்ப்போம். இத்தாலியில் குப்பியோ என்னும் ஊரில், ஃபெடரிகோ ட மொன்டெஃபெல்ட்ரோ என்ற பிரபுவின் அரண்மனைக்கென 1478-க்கும் 1482-க்கும் இடையே ஒரு சிறிய படிப்பறை அமைக்கப்பெற்றது. இன்று அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் சுவர்களிலே திறந்த அலமாரிகளும், புத்தகங்களும், இசைக் கருவிகளும் தோன்றும். உண்மையில் அங்கே அலமாரியும் இல்லை, புத்தகமும் இல்லை; எல்லாம் பல நிற மரத்துண்டுகளைச் சமதளத்தில் பதித்து உண்டாக்கிய கண்மயக்கு. இவ்வகை மரப்பதிப்பு வேலைக்கு அந்நாளைய கைவினைஞர் பயன்படுத்திய முதன்மையான கருவி கத்தியே. நீண்ட பிடியைத் தோளிலே தாங்கி, உடலின் பாரத்தைச் செலுத்தி வெட்டும் கத்தி அது. ஒவ்வொரு துண்டும் தனித்தனியே வெட்டப்பட்டு, தனித்தனியே பொருத்தப்பட்டது. அம்முறையில் நேரம் மிகுதியாகச் செலவாயிற்று. ஆயினும் ஒரு துண்டின் பிழை அந்தத் துண்டோடு நின்றது.

16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெல்லிய எஃகு அலகு பரவிற்று. கடிகாரத் தொழிலும் மரப்பதிப்புத் தொழிலும் ஒருங்கே சிறந்திருந்த ஜெர்மானிய நகரமான ஆக்ஸ்பர்க் இதனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. மெல்லிய எஃகை நீட்டி, விளிம்பிலே பற்களை வெட்டி, வில் போன்ற சட்டத்தில் இழுத்துக் கட்டினால், கத்தியால் ஆகாத நுண்ணிய வளைவுகளும் கைகூடின. இதைவிட முக்கியமான மற்றொரு பயனும் விளைந்தது. தகடுகளை அடுக்கி வைத்து ஒரே சமயத்தில் அறுக்கலாம் என்பதே அது. ஒன்றைச் செய்யும் உழைப்பில் பலவற்றைச் செய்யும் வழி அன்று திறந்தது. மேலே உள்ள தகட்டுக்கும் கீழே உள்ள தகட்டுக்கும் இடையே பிழை நுழையும் வழியும் அன்றே திறந்தது.

இந்த அடுக்கறுப்பை உச்சநிலைக்குக் கொண்டு சென்றவர் பாரிஸ் நகரத்து ஆந்த்ரே சார்ல் பூல். 1642-இல் பிறந்து 1732-இல் மறைந்தவர். பதினான்காம் லூயி மன்னரின் ஆதரவில், 1672-இல் லூவர் அரண்மனையிலேயே அவருக்கு உறைவிடமும் பட்டறையும் வழங்கப்பட்டன. அவர் பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டுத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஒரே கோலத்தை இரண்டிலும் சேர்த்து அறுத்தார். ஆமையோட்டில் ஏற்பட்ட இடைவெளியிலே பித்தளைக் கொடி சென்று அமர்ந்தது; பித்தளையில் ஏற்பட்ட இடைவெளியிலே ஆமையோட்டுக் கொடி சென்று அமர்ந்தது. ஆகவே ஓர் அறுப்பிலிருந்து இரண்டு அலங்காரங்கள் கிடைத்தன. இருண்ட தளத்தில் பொன்னிறக் கொடி ஒன்று. பொன்னிறத் தளத்தில் இருண்ட கொடி மற்றொன்று. முன்னதை முதற்பகுதி என்றும், பின்னதை எதிர்ப்பகுதி என்றும் பிரெஞ்சுக்காரர் வழங்கினர். இரட்டைப் பேழைகள் செய்யும்போது ஒன்றுக்கு முதற்பகுதியும் மற்றொன்றுக்கு எதிர்ப்பகுதியும் பதிப்பதுண்டு. விலையுயர்ந்த பொருள் எதுவும் வீணாவதில்லை.

இங்கே சற்று நிற்க வேண்டும். ரம்பம் தகடுகளுக்குச் செங்குத்தாகச் சென்றால்தான் மேல்தகட்டின் கொடியும் கீழ்த்தகட்டின் குழியும் ஒன்றுக்கொன்று ஒக்கும். ரம்பம் சாய்ந்தால், ஒன்று பெரிதாகும், மற்றது சிறிதாகும். பூலின் பொருள்கள் மெல்லிய தகடுகளாதலால் சாய்வின் தீமை குறைவாகவே தோன்றும். அடுக்கின் கனம் ஏற ஏறத் தீமையும் ஏறும். ஒரே ஒரு பாகை சாய்வு, ஒரு மில்லிமீட்டர் கனத்தில் கண்ணுக்குப் புலப்படாது. 24 மில்லிமீட்டர் கனத்திலோ ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் விலகலை உண்டாக்கும். இரண்டு பாகையானால் 0.8. துளையின் இரு பக்கமும் சேர்த்தால் அது 1.7 மில்லிமீட்டர் ஆகிவிடும். என் அகரத்தின் சுழி சுருங்கிய கணக்கு இதுவே. நான் எழுத்தை எப்பொழுதும் அலகின் ஒரே பக்கமாக வைத்து அறுத்து வந்தபடியால், உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே வகையாகச் சாய்ந்து, எழுத்து முழுவதையும் பருக்கச் செய்துவிட்டன.

கையால் பிடித்த ரம்பம் சாய்வது இயல்பு. இதைத் தடுக்கப் பிரெஞ்சுத் தொழிலாளர் படிப்படியாக வழி கண்டனர். தொழிலாளி குதிரைமேல் அமர்வதுபோல் ஒரு மரத்தாங்கியின்மேல் அமர்ந்து, எதிரே உள்ள மரத்தாடைகளின் நடுவே தகட்டடுக்கைச் செங்குத்தாக நிறுத்தி, காலால் மிதித்து இறுக்கிப் பிடிப்பான். இதனால் இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைத்தன. பின்னர், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, ரம்பத்தின் சட்டத்தையே ஒரு கோலோடு பிணைத்து, அது முன்னும் பின்னும் கிடைமட்டமாக மட்டும் ஓடும்படி செய்தார்கள். வலக்கை ரம்பத்தை ஓட்டும். இடக்கை அடுக்கைத் திருப்பும். ரம்பம் போகும் திசையை வழிக்கோல் காக்கும். கையின் நடுக்கத்தினின்றும் ரம்பத்தின் திசையைப் பிரித்தெடுத்த ஏற்பாடு இது. ஆனால் அந்த வழிக்கோலே கோணலாக அமைந்துவிட்டால், எத்துணை வல்ல கையும் கோணலாகவே அறுக்கும். பிழை கையை விட்டு நீங்கிக் கருவியினுள்ளே குடியேறிற்று. அதன்பின் வந்த ஒவ்வொரு யந்திரத்தின் கதையும் இதுதான்.

ஏறக்குறைய இதே காலத்தில், 1760-களில், லண்டன் நகரத்து வரைபடக்காரர் ஜான் ஸ்பில்ஸ்பரி, தேசப் படங்களை மகோகனிப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டின் வழியே அறுத்து விற்றார். குழந்தைகள் துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்துப் பூகோளம் கற்றனர். இன்று உலகெங்கும் விளையாடப்படும் துண்டுப் புதிர்களின் முன்னோடி அதுவே. பிள்ளைகளின் கல்விக்காக ரம்பத்தை எடுத்தவன் நான் மட்டுமல்லன் என்பதை அறிந்து ஆறுதலடைந்தேன். ஒரு சோதனையும் அங்கே கிடைத்தது. பலகை நடுவே ஒரு வட்டத்தை அறுத்தெடுங்கள். அது மேற்புறமாகவும் கீழ்ப்புறமாகவும் தடையின்றி வெளிவந்தால் ரம்பம் நேராக இருக்கிறது. ஒரு புறமாக மட்டும் வந்து, மறுபுறம் புட்டியின் அடைப்பான் போல் சிக்கிக்கொண்டால், ரம்பம் சாய்ந்திருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் யந்திரம் வந்தது. அமெரிக்காவில் வீடுகளின் முகப்பையும் தாழ்வாரத்தையும் மரச் சரிகைபோல் அலங்கரிக்கும் மோகம் பரவிற்று. நீராவியால் ஓடிய ரம்பங்கள் அந்த அலங்காரங்களைக் குவித்தன. 1870-களில், இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டு நகரில் பார்ன்ஸ் சகோதரர்கள் காலால் மிதித்து ஓட்டும் ரம்பங்களைச் செய்து விற்கலாயினர். தையல் யந்திரத்தைப் போலவே வீட்டின் ஒரு மூலையில் வைத்து ஓட்டத்தக்கவை அவை. இங்கிலாந்தில் 1895-இல் ஹாபீஸ் என்ற வாரப் பத்திரிகை தோன்றி, நூல்ரம்ப வேலைக்கான கோலங்களை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. அரசனுடைய பட்டறையில் பிறந்த கலை, ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்காகவும் எளியவரின் சிறு வருவாயாகவும் மாறியது.

அக்காலத்து யந்திரங்கள் பலவற்றில் அலகைக் கீழே இழுப்பது ஒரு சுழற்றி. மேலே இழுப்பது ஒரு சுருள்வில். இவ்வமைப்பு எளிது, மலிவு. ஆனால் வில்லின் இழுவிசை எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை. அலகு கீழே போகும்போது விசை மிகும். மேலே வரும்போது குறையும். வேகமாக ஓட்டினாலோ, வில் பின்தங்கும். அலகு தளர்ந்து மடங்கி ஒடியும். ஒடியாவிட்டாலும், பலகையின் உள்ளே அலகு வயிறு தள்ளி வளையும். அவ்வாறு அறுந்த விளிம்பு சாய்வதில்லை. நடுவிலே குழிந்தோ புடைத்தோ நிற்கும். சாய்வும் புடைப்பும் வெவ்வேறு நோய்கள். முன்னது மேடையும் அலகும் செங்கோணத்தில் இல்லாமையால் வருவது. பின்னது அலகில் இழுவிசை போதாமையாலும், நாம் அவசரப்பட்டுத் தள்ளுவதாலும் வருவது. இரண்டையும் ஒன்றாகக் கருதி மருந்திடுபவர்கள் ஏமாந்து போவார்கள். நானும் முதல் வாரம் அப்படித்தான் ஏமாந்தேன். மேடை சாய்ந்திருக்க, அலகையே மேன்மேலும் இறுக்கி மூன்று அலகுகளை ஒடித்தேன்.

1970-களில் ஜெர்மனியில் செப்பமடைந்து, பின்னர் உலகெங்கும் பரவிய இணைகர அமைப்பு, வில்லின் குறையை நீக்கிற்று. மேலே ஒரு கரம், கீழே ஒரு கரம். இரண்டும் பின்புறத்தில் அச்சுக்களில் ஊசலாடும். முன்முனைகளை அலகு இணைக்கும். பின்முனைகளை ஒரு திருகுகோல் இணைக்கும். நான்கும் சேர்ந்து ஓர் இணைகரம். அலகு மேலே போனாலும் கீழே வந்தாலும் அதன் இழுவிசை மாறுவதில்லை. பெரும்பாலும் செங்குத்தாகவே நிற்கும். ஆனால் இங்கும் ஒரு குறை போய் மற்றொன்று வந்தது. மேற்கரத்தின் பிடியும் கீழ்க்கரத்தின் பிடியும் ஒரே குத்துக்கோட்டில் அமைய வேண்டும். அச்சிலோ பிடியிலோ ஒரு மயிரிழை விலகினால், அலகு பக்கவாட்டில் சாய்ந்தபடியே நாள்முழுதும் ஓடும். யந்திரம் புதிதாயிருப்பது அதற்குச் சான்றாகாது.

நம் நாட்டிலும் நூல்ரம்பத்துக்குச் சிறப்பான இடம் உண்டு. உத்தரப் பிரதேசத்துச் சஹாரன்பூரில் சீசம் மரத்தில் சல்லடைக் கோலங்கள் அறுக்கப்படுகின்றன. மைசூரிலோ ஈட்டி மரத்தில் பதிப்பு வேலை நடைபெறுகிறது. 1897-இல் பழைய மர அரண்மனை எரிந்தபின் எழுந்து 1912-இல் முற்றுப்பெற்ற மைசூர் அரண்மனையில், தந்தம் பதித்த ஈட்டி மரக் கதவு இன்றும் காண்போர் கண்ணைக் கவர்கிறது. தந்த வாணிபம் சட்டத்தால் தடுக்கப்பட்டபின், பல நிற மரங்களே பதிப்புக்கு உதவுகின்றன. மைசூர்க் கைவினைஞர் உருவத்தைத் தனியே அறுத்தெடுத்து, அதனை ஈட்டிப் பலகையின்மேல் வைத்து விளிம்பைக் கீறி, அந்தக் கீறலுக்கு உள்ளே உளியால் குழி தோண்டி அமர்த்துவார்கள். வரைபடத்துக்கு ஏற்பக் குழியைத் தோண்டாமல், அறுந்து வந்த துண்டுக்கு ஏற்பத் தோண்டுவதால், துண்டில் நேர்ந்த சிறு விலகலைக் குழி ஏற்றுக்கொள்ளுகிறது. பிழை அடுத்த படிக்குச் செல்லுமுன் கையும் கண்ணும் அதைத் தடுத்து நிறுத்துகின்றன.

இனி, என் யந்திரத்தை நான் திருத்திய வகையைச் சொல்லுகிறேன். புதிதாக வாங்குவோருக்குப் பயன்படக் கூடும். யந்திரத்தின் மேடையிலே பாகைக் குறிகளும் ஒரு முள்ளும் உண்டு. முள் சுழியத்தில் நின்றது. அதனை நம்பியதே என் முதற்பிழை. சிறிய மூலைமட்டத்தை மேடையின்மேல் அலகை ஒட்டி வைத்துப் பார்த்தபோது, அடியில் தொட்ட அலகு மேலே விலகி நின்றது. அலகு மெல்லியதாதலால் கண் ஏமாறும் என்று கருதி இன்னொரு சோதனை செய்தேன். கனமான ஒரு மரக்கட்டையின் விளிம்பிலே, அலகின் முன்புறமிருந்து, சிறு கீறல் அளவுக்கு அறுத்தேன். பிறகு யந்திரத்தை நிறுத்தி, கட்டையைப் புரட்டாமல் மேடையின்மேலேயே அரைச்சுற்றுத் திருப்பி, அந்தக் கீறலை அலகின் பின்புறமாகக் கொண்டுவந்தேன். அலகு நேராக இருந்தால் அதே கீறலில் இலகுவாக நுழைய வேண்டும். நுழையவில்லை. மேடையை இம்மி இம்மியாகச் சாய்த்து, மீண்டும் மீண்டும் கீறி, நுழையும்வரை சோதித்தேன். நுழைந்தபோது முள் இரண்டு பாகையைக் காட்டிற்று. முள்ளைத் தளர்த்திச் சுழியத்துக்குக் கொண்டுவந்து இறுக்கினேன்.

அடுத்து, அலகின் இழுவிசை. விரலால் மீட்டினால் தெளிவான, உயர்ந்த ஒலி எழ வேண்டும். மந்தமான ஓசை எழுந்தால் தளர்ச்சி என்று பொருள். தம்புராவுக்குச் சுருதி கூட்டும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எளிது. மூன்றாவது, அலகின் ஒருபக்கப் பிசிறு. பற்களை வெட்டும்போது சில அலகுகளின் ஒரு பக்கத்தில் நுண்ணிய பிசிறு தங்கிவிடும். அந்தப் பக்கம் கூர்மை மிகுந்து, நேர்க்கோட்டில் தள்ளினாலும் அறுப்பு அப்பக்கமே ஒதுங்கும். இது யந்திரத்தின் குற்றமன்று. அலகுக்கு அலகு மாறுபடும் இயல்பு. வீண்பலகையில் ஒரு கோடு வரைந்து அறுத்துப் பார்த்து, எவ்வளவு ஒதுங்குகிறதோ அவ்வளவு பலகையைத் திருப்பிப் பிடித்துத் தள்ள வேண்டும். நான்காவது, அதிர்ச்சி. யந்திரத்தைக் கனமான மேசையோடு திருகாணியால் பிணைத்தபின் விளிம்பின் சொரசொரப்பு பெரிதும் குறைந்தது. இந்த வரிசை முக்கியம். முதலில் செங்கோணம், பிறகு இழுவிசை, பிறகு அலகின் ஒதுக்கம், இறுதியில் அதிர்ச்சி. வரிசை மாறினால் ஒன்றின் குறையை மற்றொன்றின் தலையில் சுமத்திவிடுவோம்.

வரலாறு கற்பித்த இன்னுமொரு பாடம் உண்டு. மரப்பதிப்புக் கலைஞர் சிலர் மேடையை வேண்டுமென்றே சாய்த்து அறுக்கிறார்கள். இரண்டு மரத்தகடுகளை அடுக்கிச் சாய்வாக அறுத்தால், ஒரு தகட்டின் துண்டு மற்றத் தகட்டின் துளையைவிடச் சற்றே பெரிதாக வரும். ரம்பம் தின்ற இடைவெளியை அந்தப் பெருக்கம் அடைத்துவிடும். இணைப்பிலே கோடு தெரியாது. தகட்டின் கனம் மூன்று மில்லிமீட்டரும், ரம்பம் தின்னும் அகலம் 0.4 மில்லிமீட்டரும் ஆனால், வேண்டிய சாய்வு ஏறக்குறைய ஏழே முக்கால் பாகை. என் அகரத்தைக் கெடுத்த அதே சாய்வு, அளவறிந்தவர் கையில் அருங்கருவியாகிறது. அளந்தறிந்த சாய்வு உத்தி. அறியாத சாய்வு பிழை. நூல்ரம்பத்தின் வரலாற்றில் நான் கண்ட சாரம் இதுவே.

இதை எழுதுகையில் என் தொழிலையும் எண்ணிப் பார்க்கிறேன். மூலம் மேற்பலகை, மொழிபெயர்ப்பு அடிப்பலகை. மேலே இருந்து பார்க்கிறவனுக்கு மூலம் செம்மையாகவே தெரியும். சாய்வு தெரிவது அடியிலேதான். அடியில் இருக்கும் பிரதியை வாங்கிப் படிப்பவரோ மூலத்தைப் பார்த்திராத ஒருவர். ஆகவே, அறுத்து முடித்ததும் முதற்பிரதியைக் கண்டு மகிழ்வதை விட்டு, கடைசிப் பிரதியை முதலில் எடுத்துப் பார்க்கும் வழக்கத்தை இப்போது இரண்டு வேலைகளிலும் மேற்கொண்டிருக்கிறேன்.

திருத்திய யந்திரத்தில் மறுபடியும் ஆறு பலகைகளை அடுக்கி அகரத்தை அறுத்தேன். ஆறாவதை முதலாவதன்மேல் வைத்து, சுழியின் வழியே வெளிச்சத்தைப் பார்த்தேன். விளிம்புகள் ஒன்றாயின. பழைய அகரங்கள் ஆறும் என் மேசை அறையில் இருக்கின்றன. அவற்றை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆகாரம் அறுக்க வேண்டும்.